காசிமேட்டுல மீன் யாவாரம் பண்ற அப்பாவுக்கு 148ஏ நோட்டீஸ் வந்திருக்கு, பதில் போடணுமா வேணாமா?

தம்பி, நீங்க எழுதினதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவை சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. அப்பா காசிமேட்டுல மீன் யாவாரம், பான் கார்டு இருக்கு ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒரு ரிட்டர்ன் கூட போட்டதில்ல, 2022-23ல சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ரொக்கமா மொத்தம் 18 லட்சத்து 40 ஆயிரம் கட்டியிருக்காரு, இப்ப அதைச் சொல்லி இன்கம்டாக்ஸ்லேர்ந்து செக்‌ஷன் 148ஏன்னு போட்டு, அந்த வருஷக் கேஸை ஏன் திறக்கக் கூடாதுன்னு காரணம் கேக்கற ஒரு லெட்டர் வந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் "இன்னா பெரிய நோட்டீஸு, பதில் போட்டாதான் மாட்டுவ, கம்முனு வுடு"ங்கிறாரு, இன்னொருத்தர் 30,000 குடுத்தா ஆபீஸ்ல பேசி முடிச்சுத் தர்றேங்கிறாரு. நீங்க கேட்டது பதில் போடணுமா வேணாமான்னுதான். ஆனா கேள்விக்குள்ள இருக்கற பயம் வேற, அப்பாவைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களா, அந்த 18 லட்சத்தையும் கட்டச் சொல்லிடுவாங்களா, அதானே?

நான் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ் வச்சு 22 வருஷமா கணக்கு எழுதறேன், ரிட்டர்ன் போடறேன், நோட்டீஸுக்கு பதில் எழுதறேன். லாரிக்காரங்க, பாத்திரக்கடை, எம்.சி. ரோடு ஜவுளி, மீன் யாவாரிங்க, இவங்கதான் என் கஸ்டமர். உங்க அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட்டை நான் பாக்கல, லெட்டரோட முழு பக்கத்தையும் பாக்கல, அதனால கீழ சொல்றதுல சட்டத்துல இப்படித்தான்னு இருக்கறது எது, ஆபீசரைப் பொறுத்து மாறக்கூடியது எதுன்னு அங்கங்க பிரிச்சே சொல்லிடறேன்.

பதில் கண்டிப்பா போடணும். ஏன்னு ரெண்டு நம்பர்ல சொல்றேன், இதைப் படிச்சிட்டு அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டுங்க. நீங்க பதிலே போடாம விட்டீங்கன்னா, அடுத்தடுத்து வர்ற நோட்டீஸையும் விட்டீங்கன்னா, ஆபீசர் கையில இருக்கற தகவலை மட்டும் வச்சு செக்‌ஷன் 144ல அவரே ஒரு முடிவு எழுதிடுவாரு. அவர் கையில இருக்கறது ஒரே தகவல்தான், இந்த பான் நம்பர்ல 18,40,000 ரொக்கம் கட்டியிருக்கு, ரிட்டர்ன் இல்ல. எங்கேர்ந்து வந்ததுன்னு விளக்கம் இல்லாத பணம்னு 69ஏல அதைக் கொண்டு போய் வச்சாருன்னா அதுக்கு வரி 60 சதவீதம், அது மேல சர்சார்ஜ் 25 சதவீதம், அது மேல செஸ் 4 சதவீதம், கூட்டினா 78 சதவீதம். அதாவது 14,35,200 ரூபா, வட்டி பெனால்ட்டி தனி. இதே பணம் மீன் வித்த பணம்னு காட்டி, 44ஏடி செக்‌ஷன்ல சின்ன யாவாரிக்குச் சொல்லியிருக்கற மாதிரி விற்பனையில 8 சதவீதம் லாபம்னு போட்டா 1,47,200 ரூபாதான் வருமானம், அந்த வருஷம் இரண்டரை லட்சம் வரைக்கும் வரியே கிடையாது, கட்ட வேண்டியது பூஜ்யம். ஒரே அக்கவுண்ட், ஒரே 18 லட்சம், ஒரு பக்கம் சைபர் ஒரு பக்கம் 14 லட்சம், நடுவுல இருக்கறது ஒண்ணரைப் பக்க பதில். இது நான் பயமுறுத்தறதுக்கு சொல்ற கதை இல்ல, 78 சதவீதம் போட்ட ஆர்டரைக் கையில எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்தவங்க இருக்காங்க.

அரெஸ்ட் பத்தி. 148ஏ லெட்டருக்கு யாரும் வீட்டுக்கு வந்து யாரையும் பிடிச்சுக்கிட்டுப் போக மாட்டாங்க. வாட்ஸப்ல வீடியோ கால் போட்டு யூனிபார்ம்ல ஒருத்தன் உக்காந்து "டிஜிட்டல் அரெஸ்ட்"னு மிரட்டினா அவன் திருடன், அப்படி ஒண்ணு நம்ம சட்டத்துலயே இல்ல. நோட்டீஸ் மேல நோட்டீஸ் வந்தும் வேணும்னே ரிட்டர்ன் போடாம இருந்தா கோர்ட்ல வழக்கு போட சட்டத்துல இடம் இருக்கு, அதை மறைக்க விரும்பல, ஆனா அது ரொம்ப தூரத்துல இருக்கற விஷயம், பதில் போடறவங்களுக்கு அந்தப் பேச்சே இல்ல.

இப்ப லெட்டரைக் கையில எடுங்க. முதல்ல அது நிஜமான்னு பாக்கணும். 2019 அக்டோபர் 1ம் தேதிக்கு அப்புறம் டிபார்ட்மென்ட் அனுப்பற எந்த லெட்டர்லயும் டின்னு ஒரு நம்பர் இருக்கணும், டாக்குமென்ட் ஐடென்டிஃபிகேஷன் நம்பர், மேல தேதி பக்கத்துல நீளமா இருக்கும். இன்கம்டாக்ஸ் ஈ-ஃபைலிங் வெப்சைட் முகப்புலயே குயிக் லிங்க்ஸ்ல "ஆத்தென்டிகேட் நோட்டீஸ்"னு இருக்கும், லாகின் கூட வேணாம், அந்த நம்பரையும் ஒரு மொபைல் நம்பரையும் போட்டா ஓடிபி வரும், இது எங்க லெட்டர்தான்னு சொல்லிடும். சொல்லலைன்னா கிழிச்சிடாதீங்க, நம்பரை ஒரு தடவை சரியா அடிச்சு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. சைபரையும் ஓ எழுத்தையும் மாத்தி அடிச்சுட்டு "போலி சார்"னு வந்தவங்க உண்டு.

அடுத்தது வருஷம், இதுலதான் பாதி பேர் சறுக்கறாங்க. லெட்டர்ல அசெஸ்மென்ட் இயர் 2023-24ன்னு போட்டிருக்கும், உடனே வீட்டுல 2023-24 ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கிட்டு வருவாங்க. அசெஸ்மென்ட் இயர் 2023-24ன்னா சம்பாதிச்ச வருஷம் 2022 ஏப்ரல் 1லேர்ந்து 2023 மார்ச் 31 வரைக்கும். பேங்க்ல அந்த தேதியைச் சொல்லித்தான் ஸ்டேட்மென்ட் கேக்கணும். இன்னொண்ணு, 2026 ஏப்ரல் 1லேர்ந்து புது வருமான வரிச் சட்டம் வந்துட்டதால யூடியூப்ல எல்லாம் செக்‌ஷன் நம்பர் மாறிடுச்சு, பழைய நோட்டீஸ் செல்லாதுன்னு பேசிக்கிட்டிருக்காங்க, அதை நம்பாதீங்க, உங்க வருஷம் பழைய வருஷம், அதுக்கு பழைய 1961 சட்டம்தான் ஓடும். காலம் தாண்டிடுச்சான்னும் பாத்துட்டேன். 50 லட்சத்துக்குக் கீழ இருக்கற தொகைக்கு 148ஏ நோட்டீஸ் அனுப்ப அசெஸ்மென்ட் இயர் முடிஞ்சு மூணு வருஷம் டைம், உங்களுக்கு அது 2027 மார்ச் 31 வரைக்கும். அதனால டைம் போயிடுச்சுங்கிற பாயின்ட் நமக்கு இல்ல.

அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அப்பா கேட்டதா எழுதியிருந்தீங்க. யாரும் போட்டுக் குடுக்கல. சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ஒரு வருஷத்துல 10 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கம் விழுந்தா பேங்க் அதை ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், கரண்ட் அக்கவுண்ட்னா அந்த அளவு 50 லட்சம். யாவாரப் பணத்தை சேவிங்ஸ்ல போட்டதாலதான் 18 லட்சத்துக்கே கண்ணுல பட்டுது. ஈ-ஃபைலிங்ல லாகின் பண்ணி ஏஐஎஸ்னு இருக்கறதைத் திறந்து பாருங்க, அவங்க பாக்கற அதே லிஸ்ட் உங்களுக்கும் தெரியும், அப்பா பேர்ல எந்த பேங்க் என்ன சொல்லியிருக்குன்னு. சில சமயம் ஒரே தொகை ரெண்டு தடவை ஏறியிருக்கும், ஜாயின்ட் அக்கவுண்ட் தொகை முழுசா ஒருத்தர் தலையில விழுந்திருக்கும். அப்படி இருந்தா பதில்ல முதல் வரி அதுதான்.

148ஏங்கறது இன்னும் கேஸ் இல்ல, கேஸ் எடுக்கலாமா வேணாமான்னு உங்களைக் கேக்கற கட்டம். "இந்தத் தகவல் வந்திருக்கு, உன் கேஸை ஏன் திறக்கக் கூடாது, சொல்லு"ன்னு காரணம் கேக்கறாங்க. நீங்க சொல்ற பதிலைப் பாத்துட்டு, மேலதிகாரி ஒப்புதல் வாங்கிக்கிட்டு, இது திறக்க வேண்டிய கேஸா இல்லையான்னு ஒரு ஆர்டர் போடணும். திறக்கறதுன்னா 148 நோட்டீஸ் வரும், அப்ப அந்த வருஷத்துக்கு ரிட்டர்ன் போடணும், அதுக்கு அதிகபட்சம் மூணு மாச அளவுக்கு டைம் குடுப்பாங்க, அப்புறம் 143(2), 142(1)னு கேள்விங்க வரும், எல்லாத்துக்கும் பதில் வாங்கிட்டுத்தான் ஃபைனல் ஆர்டர். நிறைய படி இருக்கு. மனசைத் தயார் பண்ணிக்க ஒண்ணு சொல்லிடறேன், ரிட்டர்னே போடாத ஒருத்தருக்கு இந்த முதல் கட்டத்துலயே "சரி, விடு"ன்னு மூடறது நடக்கலாம், நடக்காமலும் போகலாம், 148 வந்தா தோத்துட்டோம்னு அர்த்தம் இல்ல. இப்ப போடற பதில்தான் பின்னாடி வர்ற எல்லா கட்டத்துக்கும் அஸ்திவாரம், இப்ப ஒண்ணு சொல்லிட்டு அப்புறம் வேற சொன்னா அங்கதான் மாட்டிக்குவோம்.

இனிமே வர்றதுதான் உங்க கேஸோட உயிர்நாடி, பொறுமையா படிங்க. மீன் யாவாரம்னு ஒரே வார்த்தையில எழுதியிருக்கீங்க, ஆனா காசிமேட்டுல அதுக்கு ரெண்டு அர்த்தம். அப்பா விடிகாலையில ஏலத்துல தன் காசைப் போட்டு கூடை கூடையா வஞ்சிரமோ சங்கராவோ எடுத்து, ஐஸ் போட்டு, மார்க்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் விக்கறாரா? அப்படின்னா அவர் யாவாரி, மீன் அவருடையது, விழுந்த பணம் அவரோட விற்பனை, 44ஏடி போடலாம். இல்ல படகு வச்சிருக்கற போட்டுக்காரங்க மீனை ஏலம் விட்டு, வாங்கினவங்ககிட்ட பணம் வசூல் பண்ணி, தன் கமிஷனைப் பிடிச்சுக்கிட்டு மீதியை போட்டுக்காரருக்குக் குடுக்கறவரா? அப்படின்னா அவர் கமிஷன் ஏஜென்ட், அந்த 18 லட்சத்துல பெரும்பகுதி அவர் பணமே இல்ல, கமிஷன் மட்டும்தான் வருமானம். ஆனா கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி கிடையாது, சட்டத்துலயே விலக்கி வச்சிருக்காங்க, வந்த கமிஷன் இவ்வளவு, போன் செலவு, ஆள் கூலி, வண்டி வாடகை இவ்வளவுன்னு நிஜக் கணக்கு காட்டணும். நிறைய பேர் ரெண்டும் கலந்து பண்ணுவாங்க, வாரத்துல மூணு நாள் ஏலம், மீதி நாள் சொந்த யாவாரம். கலந்து இருந்தா கலந்துதான்னு சொல்லணும். அப்பாகிட்ட உக்காந்து ஒரு டீ சாப்பிட்டுக்கிட்டே இதைக் கேளுங்க, நோட்டீஸ் கதையை எடுக்காம "உன் கையில மீன் எப்படி வருது, காசு எப்படிப் போகுது"ன்னு கேளுங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

இங்கயே ஒரு குறுக்கு வழியை அடைச்சிடறேன். "மீன் விவசாயம் மாதிரிதானே, விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே"ன்னு யாராவது சொல்வாங்க. இல்ல. விவசாய வருமானம்னா நிலத்துலேர்ந்து வரணும், கடல்ல பிடிச்ச மீனுக்கு அது பொருந்தாது. அதே மாதிரி ஊர்ல இல்லாத நிலத்தைக் காட்டி நெல்லு வித்த பணம்னு எழுதித் தர்றவங்களும் இருக்காங்க, பொய்யான விளக்கத்துக்குக் கையெழுத்து போட்டா அது தனிக் குத்தம், சும்மா இருந்த கேஸை நாமே கிரிமினல் பக்கம் தள்ளறோம்.

சரி, ஆதாரத்துக்கு எங்க போறது, மீன் யாவாரத்துல எவன் பில்லு குடுக்கறான், இதானே அடுத்த கேள்வி. நான் முதல்ல எடுக்கறது பேங்க் ஸ்டேட்மென்ட்டைத்தான், வேற எதையும் இல்ல. எக்ஸெல்ல போட்டு மாசவாரியா ரொக்கம் எவ்வளவு விழுந்ததுன்னு கூட்டுங்க. நம்ம கடல்ல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. அப்பா நிஜமாவே காசிமேட்டு மீனை நம்பி யாவாரம் பண்றவர்னா அந்த ரெண்டு மாசம் டெபாசிட் படுத்துடும், ஜூன் கடைசியில குபுக்குன்னு ஏறும். புரட்டாசியில ஒரு தடவை இறங்கும், ஐப்பசியில மறுபடி ஏறும். திங்கக்கிழமை டெபாசிட் பெருசா இருக்கும், ஞாயித்துக்கிழமை யாவாரம் அப்படி. இதை ஒரு சின்ன டேபிளா போட்டு, தடைக்கால அறிவிப்போட காப்பியையும் சேர்த்து வச்சா, எங்கயோ உக்காந்து ஃபைல் பாக்கற ஆபீசருக்குக் கூட இது மீன் பணம்னு கண்ணால தெரியும். லஞ்சப் பணத்துக்கோ நில பேரத்துப் பணத்துக்கோ தடைக்காலம் தெரியாது பாருங்க. ஒரு வேளை உங்க ஸ்டேட்மென்ட்ல மே மாசத்துலயும் லட்சக்கணக்குல விழுந்திருந்தா அதுக்கும் காரணம் கண்டுபிடிச்சு வைங்க, கட்டுமரம், ஃபைபர் போட்டு மீனா, ஆந்திராப் பக்கத்துலேர்ந்து லாரியில வந்த ஏரி மீனா, இல்ல நகையை அடகு வச்ச பணமா, அதை அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்.

அடுத்தது, பணம் வெளிய போன பக்கத்தையும் பாருங்க, எல்லாரும் உள்ள வந்ததையே பாத்துக்கிட்டு பயப்படறாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏடிஎம்ல 50,000 எடுத்து, சனி விடிகாலை ஏலத்துல மீன் எடுத்து, ரெண்டு நாள் வித்து, திங்கக்கிழமை 58,000 கட்டியிருப்பாரு. அடுத்த வாரம் மறுபடி அதே. சுமார் 60,000 ரூபா முப்பது தடவை சுத்தினாலே 18 லட்சம் வந்துடும், நிஜமா அவர் கையில இருந்த முதல் அந்த 60,000தான். எடுத்த தேதியையும் கட்டின தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதினா இது புரியும். கட்டின மொத்தத்தையும் வருமானம்னு எடுக்கக் கூடாது, சுழற்சியில இருந்த உச்சத் தொகையைத்தான் பாக்கணும்னு வாதம் வைக்கலாம், வரி அப்பீல் ட்ரிப்யூனல்ல இது நிறைய கேஸ்ல எடுபட்டிருக்கு, ஆனா முதல் கட்ட ஆபீசர் ஒத்துக்குவாருன்னு சொல்ல முடியாது, அதனால இதை ரெண்டாவது வாதமா வைங்க, முதல் வாதம் யாவாரம்தான். இதுக்கு மேல கிடைக்கறது எல்லாம் துணைக்கு, ஐஸ் ஃபேக்டரி சீட்டு, வேன் வாடகை, ஓட்டல்காரங்க ஜிபேல அனுப்பினது, மீன் எடுத்த போட்டுக்காரர் ரெண்டு பேர் கையெழுத்து போட்ட லெட்டர், சங்க அடையாள அட்டை, அப்பாவோட பாக்கெட் நோட்டு. அந்த பாக்கெட் நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, மீன் வாடை அடிச்சாலும் பரவாயில்ல, பக்கத்துக்கு பக்கம் போட்டோ எடுத்து வைங்க. புதுசா ஒரு நோட்டு வாங்கி ஒரே பேனாவுல 12 மாசத்தையும் உக்காந்து எழுதாதீங்க, பாத்த உடனே தெரியும், இருக்கற நம்பிக்கையும் போயிடும்.

8 சதவீதக் கணக்குல ஒரு முள்ளு இருக்கு, அதையும் சொல்லணும். 8ங்கறது குறைஞ்சபட்சம், நிஜ லாபம் அதிகம்னா அதிகமாத்தான் காட்டணும். வருஷம் 1,47,200னா மாசம் 12,000 சொச்சம், அதுல வீட்டு வாடகை, உங்க காலேஜ் ஃபீஸ், வண்டி டியூ எல்லாம் எப்படின்னு ஆபீசர் கேட்டா பதில் இல்ல. விற்பனையும் பேங்க்ல விழுந்தது மட்டும் இருக்காது, கையிலேயே வாங்கி கையிலேயே குடுத்தது எவ்வளவோ இருக்கும். அதனால கட்டின பணத்துல 8னு கண்ணை மூடிக்கிட்டுப் போடாம, நிஜ விற்பனை என்ன, வீட்டுச் செலவுக்கு என்ன எடுத்தாருன்னு பாத்து ஒரு நேர்மையான நம்பரைப் போடுங்க. பயப்பட வேணாம், அந்த வருஷம் மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 87ஏ தள்ளுபடியில வரி சைபர் ஆயிடும், அதாவது 8 சதவீதக் கணக்குப்படி 62 லட்சம் வரைக்கும் வித்திருந்தாலும் வரி வராது. மூணரை லட்சம்னு உண்மையைச் சொல்றதுக்கும் ஒண்ணரை லட்சம்னு இழுத்துப் பிடிக்கறதுக்கும் வரியில வித்தியாசமே இல்ல, நம்பறதுல வித்தியாசம் இருக்கு. 148க்கு அப்புறம் போடற ரிட்டர்ன்ல 44ஏடியை ஏத்துக்கறதுல சில ஆபீசருங்க முறுக்கிக்கிட்டு "மீன் யாவாரம்னே நிரூபிக்கலையே"ம்பாங்க, அங்கதான் மேல சொன்ன தடைக்கால டேபிள் வேலை செய்யும்.

பதில் போடறது எப்படின்னா, அப்பா பேர்ல ஈ-ஃபைலிங்ல லாகின், பெண்டிங் ஆக்‌ஷன்ஸ், அதுக்குள்ள ஈ-ப்ரொசீடிங்ஸ், அந்த நோட்டீஸ் இருக்கும், அங்கேயே டைப் பண்ணி பிடிஎஃப் சேத்து அனுப்பணும். முன்னெல்லாம் நுங்கம்பாக்கம் ஆயக்கர் பவன் வராண்டாவுல ஃபைலைக் கட்டிக்கிட்டு காலையிலேர்ந்து உக்காருவோம், இப்ப அதெல்லாம் இல்ல, வாயால சமாளிக்க முடியாது, எழுத்துல இருக்கறதுதான் நீங்க. அதனால பதில் நீட்டி முழக்காம இருக்கணும். நான் எழுதினா இப்படித்தான் எழுதுவேன்: நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் வாங்கி விற்கிறேன், வேறு வருமானம் இல்லை. குறிப்பிட்ட கணக்கில் 1.4.2022 முதல் 31.3.2023 வரை செலுத்திய ரொக்கம் மீன் விற்ற பணம், மாதவாரி விவரம் இணைப்பு 1. இதே கணக்கில் இதே காலத்தில் மீன் வாங்க எடுத்த ரொக்கம் இவ்வளவு, இணைப்பு 2. தடைக்காலத்தில் டெபாசிட் குறைந்திருப்பதைப் பார்க்கவும். வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாததால் ரிட்டர்ன் போடவில்லை, வரி ஏய்ப்பு நோக்கம் இல்லை. நடவடிக்கையைக் கைவிடக் கோருகிறேன். அவ்வளவுதான், இதை இங்கிலீஷ்ல போட்டா ஒண்ணரைப் பக்கம். அனுப்பினதும் அக்னாலட்ஜ்மென்ட் நம்பர் வரும், அதை டவுன்லோட் பண்ணாம லாக்அவுட் பண்ணாதீங்க. கடைசி தேதி லெட்டர்லயே இருக்கும், பேங்க்ல ஸ்டேட்மென்ட் இழுத்தடிச்சா தேதி முடியறதுக்கு முன்னாடியே அதே பக்கத்துல அட்ஜர்ன்மென்ட், அதாவது கூடுதல் டைம், கேளுங்க, காரணம் எழுதிக் கேட்டா பெரும்பாலும் சில நாள் குடுக்கறாங்க, தேதி முடிஞ்ச மறுநாள் கேட்டா கேட்ட மாதிரியே இல்ல.

லாகின்ல ஒரு கண்ணி இருக்கு. பான் எடுக்கும்போதோ என்னைக்கோ ரீஃபண்டுக்காகவோ பிரவுசிங் சென்டர்ல ரிஜிஸ்டர் பண்ணியிருந்தா அங்க அந்தக் கடைப் பையனோட மொபைலும் மெயிலும்தான் இருக்கும். வண்ணாரப்பேட்டையில ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு இப்படித்தான் மூணு நோட்டீஸ் யாரோ ஒருத்தன் மெயிலுக்குப் போச்சு, நாலாவதா தபால்ல வந்ததை அவர் முருகர் படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சுட்டாரு, "சாமி பாத்துக்கும்னு நெனச்சேன்"னாரு. எங்கிட்ட வரும்போது ஆர்டர் போட்டு, இவ்வளவு வரி கட்டுன்னு டிமாண்டே வந்துடுச்சு, அப்பீல் போட்டோம், அப்பீல் ஃபீஸ் என்னவோ ஆயிரம் ரூபாதான், ஆனா வசூலை நிறுத்தி வைக்க டிமாண்ட்ல 20 சதவீதம் முதல்ல கட்ட வேண்டி வந்தது, அதுக்கு அவர் வீட்டு அக்கா வளையல் அடகுக்குப் போச்சு. முதல்ல ப்ரொஃபைலுக்குள்ள போய் மொபைலையும் மெயிலையும் உங்களோடதா மாத்துங்க.

அந்த 30,000 ஆளு பத்தி. ஆபீஸ்ல பேசி முடிக்கறதுன்னு ஒண்ணு இல்ல, அவரும் கடைசியில இதே பக்கத்துலதான் பதில் ஏத்தணும், அவர் என்ன ஏத்தினாருன்னு உங்களுக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனியில வேலை செய்யறவங்க பல பேர் "ரீஃபண்ட்ல பத்து பர்சன்ட் குடு, நான் வாங்கித் தர்றேன்"னு சொன்னவங்களை நம்பி, கட்டாத நன்கொடையும் இல்லாத வாடகையும் போட்டு ரீஃபண்ட் வாங்கிட்டு இப்ப வட்டியோட திருப்பிக் கட்டிக்கிட்டிருக்காங்க, 2025 ஜூலையில நாடு முழுக்க 150 இடத்துல இந்த மாதிரி ஏஜென்டுங்களைத் தேடித்தான் டிபார்ட்மென்ட் போச்சு. ஏஜென்ட் போன் சுவிட்ச் ஆஃப், நோட்டீஸ் தொழிலாளி பேர்ல. ஃபீஸ் குடுக்கறது தப்பில்ல, சிஏகிட்டயோ வக்கீல்கிட்டயோ போங்க, குடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்க, ஏத்தற பதிலை ஏத்தறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டச் சொல்லுங்க. மகன்ங்கிற முறையில நீங்களே அப்பாவுக்காக ஆஜராகவும் சட்டத்துல இடம் இருக்கு. 148 வந்துட்டா மட்டும் தனியா பண்ணாதீங்க, அங்க ரிட்டர்ன் எப்படிப் போடறோம்ங்கறதுலேர்ந்து எல்லாமே நுணுக்கம்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கு ஒண்ணு, டாக்ஸ்லேர்ந்து வர்ற எல்லா லெட்டரும் இது மாதிரி இல்ல. 143(1)னு வந்தா அது வெறும் ரசீது மாதிரி, ரிட்டர்னைச் சரிபாக்கற பெங்களூரு சிபிசி சென்டர் கம்ப்யூட்டர் அனுப்பறது, ரெண்டு பத்தி இருக்கும், இடது பக்கம் நீங்க சொன்னது, வலது பக்கம் அவங்க கணக்கு, ரெண்டும் ஒண்ணா இருந்தா ஃபைல்ல வச்சிட்டு தூங்கலாம். ஹார்பர்ல வேலை செய்யற ஒருத்தர் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி அழாத குறையா பேசினாரு, பாத்தா அவருக்கு 4,120 ரூபா ரீஃபண்ட் வருதுன்னு எழுதியிருக்கு. 139(9)னா போட்ட ரிட்டர்ன்ல குறை, 15 நாள்ல திருத்தணும், விட்டா ரிட்டர்னே போடாத மாதிரி ஆயிடும். 245னா உன் ரீஃபண்டைப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கவான்னு கேக்கறது, அந்த பழைய பாக்கியே தப்பா இருக்கலாம், 21 நாளுக்குள்ள ஒத்துக்கல்லைன்னு சொல்லலாம்.

தம்பி, இந்த வருஷத்தோட முடியாது, சம்பாதிச்ச வருஷம் 2023-24லயும் அடுத்த வருஷத்துலயும் அதே சேவிங்ஸ் அக்கவுண்ட்லதான் அப்பா கட்டியிருப்பாரு. அந்த வருஷங்களோட ஏஐஎஸ்ஸையும் இப்பவே பாருங்க, வரி வர்ற அளவுக்கு வருமானம் இருந்தா நாலு வருஷம் வரைக்கும் அப்டேட்டட் ரிட்டர்ன், அதாவது தேதி தாண்டின வருஷத்துக்கான ரிட்டர்ன், போடலாம், லேட்டாக ஆக 25லேர்ந்து 70 சதவீதம் வரைக்கும் வரி மேல கூடுதலா பிடிப்பாங்க, அதனால தள்ளிப் போடாதீங்க. யாவாரத்துக்கு ஒரு கரண்ட் அக்கவுண்ட் ஆரம்பிச்சு, சேவிங்ஸை வீட்டுக்கு மட்டும் வச்சுக்கச் சொல்லுங்க.

ஸ்டேட்மென்ட்டை மாசவாரியா கூட்டி, அப்பா சொந்த யாவாரமா கமிஷனான்னு தெரிஞ்சதும் இங்கயே எழுதுங்க, பதிலோட டிராஃப்ட் பாத்துச் சொல்றேன். ஆனா முதல்ல நீங்க போட்டிருக்கற அந்த லெட்டர் போட்டோவை எடுத்துடுங்க, பான் நம்பர், வீட்டு அட்ரஸ், டின் எல்லாம் பளிச்சுன்னு தெரியுது.